புதுப்பிப்பு: ஒரே சேலைக்கு மூன்று பதில்

போன மாதம் புலம்பியிருந்தேனே, எங்கள் கடையில் ஒரே ஆர்டருக்கு வாட்ஸ்அப்பில் ‘அனுப்பியாச்சு’, எஸ்எம்எஸ்ஸில் ‘பேக்கிங்கில் உள்ளது’, இன்ஸ்டாகிராமில் ‘நாளைக்கு அக்கா’ என்று. ஒருவழியாகச் சரியாகிவிட்டது.

இப்போது ஆர்டர் நிலையை ஒரே பட்டியலில் மாற்றுகிறோம். செய்திகள் அங்கிருந்தே போகின்றன. வாசகத்தையும் ஒன்றாக்கப் பார்த்ததுதான் என் முட்டாள்தனம். தமிழ் எஸ்எம்எஸ் 70 குறிகளைத் தாண்டினால் இரண்டாகக் கணக்காகும் (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனிக் கணக்கு; ‘சேலை’யே நான்கு குறி!). டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதியும் தளம்) பதிந்த வாசகத்தை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. வாட்ஸ்அப்பிலோ வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்தால், வாட்ஸ்அப்பிடம் முன்பே அனுமதி பெற்ற டெம்ப்ளேட் (மாதிரி வாசகம்) மட்டும்தான். அதனால் தேதியும் நிலையும் பொது, வாக்கியம் தனித்தனி.

இன்ஸ்டாகிராம் இன்னும் கையால்தான். தம்பி ‘நாளைக்கு’ என்று தட்டுமுன் பட்டியலைப் பார்க்கிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.