பழைய ஃபைபர் படகின் தளத்துக்கு அடியில் மறுபடி ஃபோம் ஊற்றலாமா?

முத்துநகர்வாசி: 17 அடி பழைய ஃபைபர் படகு வாங்கினேன். தளத்தை அறுத்துப் பார்த்தால், மிதப்புக்காக ஊற்றியிருந்த மஞ்சள் ஃபோம் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கிறது. பத்து லிட்டர் வாளி நிறைய அள்ளி எடை போட்டேன், 4 கிலோ! எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாயிற்று. மறுபடியும் இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றுகிற அதே ஃபோமைப் போடவா?

பட்டறைக்காரன்: வேண்டாம் தம்பி. படகுக்கு வழக்கமாகப் போடும் ஃபோம் காய்ந்திருந்தால் ஒரு வாளி 320 கிராம்தான் வரும். மீதியெல்லாம் கடல் தண்ணீர். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது, பக்கத்தில் தளத்தைத் தாங்கி நிற்கும் ப்ளைவுட் சட்டங்களை மக்கவைத்துவிடும். நான் பிரித்த ஒரு படகில் சட்டம் புட்டு மாதிரி கையில் உதிர்ந்தது. காற்றறைகளாக அடைத்து, திறந்து பார்க்க மூடி வையுங்கள்.

அலைவாய்: அண்ணே, காற்றறையில் ஒரு விரிசல் விழுந்தால் முடிந்தது கதை. ஃபோம் 100 லிட்டர் இருந்தால், முழுக்க மூழ்கினாலும் ஏறக்குறைய 95 கிலோவைத் தாங்கும். ஃபோம் நிரப்பிய படகு செய்யும் அமெரிக்க நிறுவனமான பாஸ்டன் வேலரின் ஃபிஷர் 1961இல் தண்ணீரில் தன் படகில் உட்கார்ந்தபடியே அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். லைஃப் இதழில் படமே வந்தது. மனிதர் முழுகவில்லையே!

பட்டறைக்காரன்: அந்தப் படகில் உள் ஓடு, வெளி ஓடு இரண்டுக்கும் நடுவே ஃபோம் ஒட்டிப்போய் ஒரே உடம்பாக இருக்கும். இவர் படகில் தளத்துக்கு அடியில் சும்மா நிரப்பியது. இரண்டும் ஒன்றா?

சும்மாபார்ப்பவன்: தெர்மாகோல் வெட்டிப் போட்டால் மலிவாச்சே?

அலைவாய்: பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். ஃபைபர் ஒட்டப் பூசுகிற பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் அப்படித்தான்.

அண்ணன் சொன்ன வடிகால் பிரச்சினை உண்மைதான், மறுக்கவில்லை. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, அடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஊற்றுங்கள். தண்ணீர் பின்பக்க ஓட்டைக்கு ஓடிவிடும். ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். 25 மடங்குக்கு மேல் உப்பும், தளமே புடைத்துவிடும். ஆழமாக ஊற்றினால் சூடேறி நடுவில் கருகும். தகுந்த முகமூடி கட்டாயம், அந்த ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

பட்டறைக்காரன்: குழாய் யோசனை பரவாயில்லை. ஆனாலும் தம்பி, முதலில் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் ஃபோம் பேச்சே வேண்டாம்.

முத்துநகர்வாசி: இப்போதுதான் குத்தினேன் அண்ணே. இடப்பக்கச் சட்டத்தில் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது.