பாஸ்வேர்டைக் காட்டிக்கொடுத்த விடி100: பழைய டெர்மினல் அனுபவங்கள்

1986இல் மெட்ராஸில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். வாக்ஸ் 11/750 என்ற பெரிய கம்ப்யூட்டர் ஏ.சி. அறைக்குள் இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்களுக்கு வெளியே மேசைமேல் ஆளுக்கொரு டெர்மினல், அதாவது வாக்ஸோடு ஒயரில் இணைந்த திரையும் கீபோர்டும், டெக் கம்பெனியின் விடி100. அதுதான் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் நாள் காலைவரை.

அன்று சீனியர் வருவதற்குள் கீபோர்டை ஆராய்கிறேன் பேர்வழி என்று எதையெதையோ அழுத்திவிட்டேன். திரையில் 'யூசர்நேம்:' நின்றது. பெயரை அடித்து ரிட்டர்னைத் தட்டினேன். கர்சர் கீழே இறங்காமல் அதே வரியின் தொடக்கத்துக்குப் போனது. சரி என்று பாஸ்வேர்டை அடித்தால், அது ஊரறிய, 'யூசர்நேம்' என்ற சொல்லின்மேலேயே ஏறி உட்கார்ந்தது! கையால் திரையை மறைத்துக்கொண்டேன்.

சீனியர் வந்தார். திரையைப் பார்க்கவே இல்லை, கீபோர்டின் மேல்வரிசையில் இருந்த குட்டி விளக்குகளைத்தான் பார்த்தார். "லோக்கல்ல கெடக்குப்பா." செட்-அப் சாவி, 4, மறுபடி செட்-அப். 'ஆன் லைன்' விளக்கு எரிந்தது.

காபி குடிக்கும்போதுதான் விளக்கினார். நாம் ஒரு எழுத்தை அடித்தால் டெர்மினல் அதைத் திரையில் போடுவதில்லை, ஒயரில் அனுப்புகிறது, அவ்வளவுதான். வாக்ஸ் அதை வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் நம் கண்ணுக்குத் தெரியும். பாஸ்வேர்டை மட்டும் திருப்பி அனுப்பாது. லோக்கலில் ஒயருக்கு வேலையே இல்லை. அடித்ததெல்லாம் நேரே திரைக்குப் போய்விடும். வரியை இறக்கச் சொல்லவும் ஆள் இல்லை. மாதக் கடைசியில் வாக்ஸ் திணறும்போது, ஒரு வரி முழுக்க அடித்துவிட்டுக் காத்திருப்போம். எழுத்துகள் அப்புறம் மொத்தமாக வந்து விழும்.

டெர்மினலுக்குள் ஒரு 8080 மைக்ரோபிராசசர் சிப்பும் கொஞ்சம் நினைவகமும் உண்டு. நினைவகத்தில் எழுத்தின் உருவம் கிடையாது, எண்தான். 'A' என்றால் 65. அதற்கான புள்ளிகள் ரோம் (ROM) என்ற, மாற்ற முடியாத நினைவகச் சிப்பில் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் பத்துக் கிடைக்கோடு, 24 வரிக்கு 240 கோடு. பிக்சர் டியூபின் எலக்ட்ரான் கற்றை அந்தக் கோடுகளின்மேல் ஓடி, புள்ளி உள்ள இடத்தில் ஒளிரும், இல்லாத இடத்தில் அணையும். விநாடிக்கு 50 அல்லது 60 முறை இதையே திரும்பச் செய்யும்.

பதில் 1

நான் மாட்டிக்கொண்டது வேறு விதம். கம்ப்யூட்டருக்கு மட்டுமே புரியும் ஒரு புரோகிராம் ஃபைலை, உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போமே என்று, ஃபைலைத் திரையில் காட்டும் டைப் கட்டளையில் போட்டேன். பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. அதன்பிறகு சின்ன எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக வந்தது, பெரிய எழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது. டெர்மினலைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து கேன்டீனுக்கு ஓடிவிட்டேன். எழுத்தும் கட்டளையும் ஒரே ஒயரில்தானே வருகின்றன! அந்தக் குப்பைக்குள் 'இனிமேல் கோட்டு வடிவங்களைக் காட்டு' என்ற கட்டளையும் தற்செயலாக இருந்திருக்கிறது. செட்-அப்பில் 0 அழுத்தினால் ரீசெட், முடிந்தது.

பதில் 2

எங்கள் லேபில் 1976இல் வெளிவந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல் இருந்தது. அதில் மைக்ரோபிராசசரே கிடையாது, பலகை முழுக்க டிடிஎல் (TTL) எனும் எளிய லாஜிக் சிப்புகள். அம்புக்குறிக்குத் தனிச் சாவி இல்லாமல் H, J, K, L மேலேயே அம்புகள் வரைந்திருக்கும். பில் ஜாய் என்ற புரோகிராமர் விஐ (vi) எனும் யூனிக்ஸ் எடிட்டரை எழுதியது இந்த டெர்மினலில்தான். இன்றும் விஐயில் அந்த நான்கு சாவிகளால் நகர்வது அதனால்தான். என் மகனிடம் சொன்னேன், நம்பவில்லை.

பதில் 3

பழைய விடி100 ஒன்று கிடைத்திருக்கிறது. யூஎஸ்பி சீரியல் கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன். எழுத்து வருகிறது, ஆனால் நீளமான லிஸ்டில் நடுநடுவே காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

முதல் பதிவரின் பதில்

9600 பாட் (baud) வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து வரும். முழுத் திரைக்கு 1920 எழுத்து, அதாவது இரண்டு விநாடி. வரிகள் வழுக்கினாற்போல் மெல்ல மேலேறும் ஸ்மூத் ஸ்க்ரோல் போட்டிருந்தால் விடி100 விநாடிக்கு ஆறு வரிதான் நகர்த்தும். உள்ளே காத்திருக்க 64 எழுத்துக்குத்தான் இடம். அது நிரம்புமுன் 'நிறுத்து' என்று எக்ஸ்ஆஃப் அனுப்பும், இடம் கிடைத்ததும் 'தொடரு' என்று எக்ஸ்ஆன் அனுப்பும். உங்கள் லேப்டாப் அதை மதிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃபை இயக்கிப் பாருங்கள். அப்படியும் விட்டுப்போனால், வரிகள் சட்டென்று தாவும் ஜம்ப் ஸ்க்ரோலுக்கு மாறுங்கள்.