ஜப்பான் எண்களை வைத்து அமெரிக்க பேஸ்பாலைக் கணிக்க முடியுமா?

கீழக்கரை மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரத்தில் முதுகலைப் புள்ளியியல் படிக்கிறேன். செய்முறைத் திட்டத்துக்கு உடன் படிப்பவர்கள் எல்லோரும் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ள, நான் பேஸ்பாலை எடுத்திருக்கிறேன். நியூயார்க்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் இங்கே அதிகாலை நாலரை மணி. எங்கள் வீட்டில் சுபுஹு தொழுகைக்கு எழும் நேரமும் ஏறத்தாழ அதுதான் என்பதால் இந்த ஆட்டம் எனக்குப் பழகிப் போயிற்று.

ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகுக்குச் செல்லும் ஒருவர் அங்கே எப்படி ஆடுவார் என்பதை முன்கூட்டியே கணிப்பதுதான் என் தலைப்பு. ஜப்பானில் ஆடிய கடைசிப் பருவத்தையும் அமெரிக்காவில் ஆடிய முதல் பருவத்தையும் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, ஒரு பொதுப் பெருக்கெண் கிடைக்குமா என்று பார்த்தேன். இச்சிரோ 2000-இல் ஜப்பானில் 0.387 சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளம் சேர்வது) வைத்திருந்து, 2001-இல் சியாட்டிலில் 0.350 அடித்தார். ஹிதேகி மட்சுயி 2002-இல் 50 ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தவர். மறு ஆண்டு யாங்கீஸ் அணியில் அடித்தது 16. ஒரே பருவத்தில் 216 ஹிட் அடித்து ஜப்பானில் சாதனை படைத்த அகியாமா அமெரிக்காவில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் திரும்பினார். ஓதானியோ, ஜப்பானில் அவரது கடைசி முழுப் பருவமான 2016-இல் 104 ஆட்டங்களில் 22 ஹோம் ரன், 2018-இல் அமெரிக்காவிலும் அதே 104 ஆட்டங்களில் அதே 22. இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பெருக்கெண் உண்டா, அல்லது நான் தேடும் இடமே வேறாக இருக்க வேண்டுமா?

மண்டபம் கணக்கர்:

தம்பி, ஒரே பெருக்கெண் கிடைக்காது. கிடைத்தாலும் அது பயன்படாது. பேட்டிங் சராசரி என்பது பல திறமைகள் கலந்து வரும் ஒரு கூட்டுத்தொகை. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது), வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் தளம் பெறுவது), ஹோம் ரன், களத்துக்குள் விழும் பந்தில் கிடைக்கும் ஹிட் ஆகிய நான்கையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் கடல் கடக்கும்போது எவ்வளவு தேய்கிறது என்று பாருங்கள். இச்சிரோ பந்தைத் தவறவிடாமல் தொட்டு, ஓட்டத்தால் ஹிட் எடுத்தவர்; அது பெருமளவு அப்படியே கடந்தது. ஹிதேகி மட்சுயியின் பலம் தூரத்துக்கு அடிப்பது. அதுதான் முதலில் அடிபட்டது. கசுவோ மட்சுயி 2003-இல் 33 ஹோம் ரன் அடித்துவிட்டு 2004-இல் மெட்ஸ் அணியில் 7 மட்டுமே அடித்ததும், செய்யா சுசுகி 2021-இல் 38 அடித்தவர் கப்ஸ் அணியின் முதல் ஆண்டில் 14-இல் நின்றதும் இந்த வரிசையில் சேரும். இவற்றுக்குப் பின்னால் பந்தின் வேகம் இருக்கிறது. அமெரிக்க பிட்ச்சர்களின் (பந்து வீசுபவர்களின்) நேர்ப்பந்து சராசரியாக ஜப்பானியரின் பந்தைவிட மணிக்குச் சில கிலோமீட்டர் வேகம் கூடியது. பேட்டை முழு வீச்சில் கொண்டுவருவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் குறைந்தாலே பந்து உயரே எழாமல் தரையில் உருண்டுவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எங்கள் பக்கம் வடகடலில் ஒருவர் கொண்டுவரும் மீன்பாட்டைப் பார்த்து, அவர் தென்கடலுக்குப் போனால் எவ்வளவு பிடிப்பார் என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு கடலிலும் தொழில் செய்தவர்களின் கணக்குதான் வேண்டும். ஆனால் அப்படி மாறிப் போகிறவர் பெரும்பாலும் கைதேர்ந்தவராகவோ, அந்த ஆண்டு நல்ல பாடு கண்டவராகவோதான் இருப்பார். ஜப்பானிலிருந்து போகிறவர்களும் அப்படித்தான். தங்கள் உச்சப் பருவத்தை ஒட்டித்தான் அவர்களை அமெரிக்க அணிகள் விலைக்குக் கேட்கின்றன. ஆகவே, மறு ஆண்டு எண் இறங்குவதில் ஒரு பங்கு லீகின் கடினத்தால் வருவது, மற்றொரு பங்கு ஜப்பானிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய இறக்கம். கடைசி ஆண்டை மட்டும் எடுக்காமல் மூன்று ஆண்டுகளை எடுத்து, அண்மை ஆண்டுக்கு எடை கூட்டினால் இந்தப் பிழை பாதிக்கு மேல் குறையும் என்பது என் எண்ணம்.

எதிர்த்திசையில் போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செசில் ஃபீல்டர் 1989-இல் ஜப்பானின் ஹன்ஷின் அணியில் 38 ஹோம் ரன் அடித்தார். 1990-இல் டெட்ராய்ட்டுக்குத் திரும்பி 51 அடித்தார். மேஜர் லீகில் நிலைக்காத பாலென்டியன் 2013-இல் ஜப்பானில் 60 அடித்து அந்நாட்டுச் சாதனையையே உடைத்தார். ஒரு திசையை மட்டும் பார்த்தால் தரவு மிகவும் குறைவு.

பாம்பன் ரசிகன்:

கணக்கர் ஐயா பேட்டர்களைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கிறார். பிட்ச்சர்களின் எண்கள் இன்னும் ஒழுங்காகக் கடக்கின்றன என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். பீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார் என்ற ஈ.ஆர்.ஏ. கணக்கில், டனாகா 1.27-இலிருந்து 2.77, யமமோட்டோ 1.21-இலிருந்து 3.00, செங்கா 1.94-இலிருந்து 2.98, மயேதா 2.09-இலிருந்து 3.48 என்று நகர்ந்தார்கள். இமனாகா 2.80-இலிருந்து 2.91 என்று ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றார். மட்சுசகா மட்டும் 2.13-இலிருந்து 4.40-க்குப் போனார், ஆனால் மறு ஆண்டே 2.90-க்கு வந்துவிட்டார். ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு ரன் வரை ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலோர் அதற்குள் அடங்குகிறார்கள், 1994-இல் 3.63 வைத்திருந்து 1995-இல் டாட்ஜர்ஸ் அணியில் 2.54-ஆகக் குறைத்த நோமோ எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காதவர்.

தரவில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஜப்பான் லீக் 2011-இல் எல்லா அணிகளுக்கும் ஒரே பந்தைக் கொண்டுவந்தது. அந்தப் பந்து பறக்கவில்லை. 2010-இல் 1605-ஆக இருந்த மொத்த ஹோம் ரன் 2011-இல் 939-ஆகச் சரிந்தது. 2013-இல் பந்தைச் சொல்லாமல் மாற்றிவிட்டது அம்பலமாகி, ஆணையர் பதவி விலக நேர்ந்தது. டார்விஷ் அமெரிக்கா போகுமுன் வைத்திருந்த 1.44 அந்த 2011-ஆம் ஆண்டுக்குரியது. அதை 2012-இல் டெக்சாஸில் எடுத்த 3.90-உடன் நேராக ஒப்பிட்டால், பந்தின் குணத்தை ஆளின் குணமாக எழுதிவிடுவீர்கள். அந்தந்த ஆண்டின் லீக் சராசரியால் வகுத்த பிறகுதான் வேறு எதையும் செய்ய வேண்டும்.

பந்தின் தோலும் வேறு. ஜப்பான் பந்து சற்றுப் பிடிமானம் உள்ளது. அமெரிக்கப் பந்து வழுக்கும், அதனால்தான் ஆட்டத்துக்கு முன் அதில் ஆற்றுச் சேறு தேய்க்கிறார்கள். விரல்நுனியில் பந்து நழுவாமல் பழகும் வரை சுழற்சியும் குறியும் முன்போல் இருக்காது. ஜப்பானில் வாரம் ஒரு நாள் வீசியவர் அங்கே ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை வீச வேண்டும் என்பதால், ஈ.ஆர்.ஏ.-வைவிட எத்தனை இன்னிங்ஸ் வீசுவார் என்பதைக் கணிப்பதுதான் கடினம். டனாகாவுக்கு முதல் ஆண்டிலேயே முழங்கைத் தசைநார் ஓரளவு கிழிந்தது. யமமோட்டோ முதல் ஆண்டில் 90 இன்னிங்ஸ்தான் வீசினார்.

தொண்டிக்காரர்:

இருவரும் நன்றாகவே சொன்னீர்கள். ஆனால் முதல் ஆண்டைக் கணிப்பதே தவறான இலக்கு என்று நான் நினைக்கிறேன். ஹிதேகி மட்சுயி இரண்டாம் ஆண்டில் 31 ஹோம் ரன் அடித்தார். செய்யா சுசுகி 2025-இல் 32. ஓதானி 2018-இல் பயிற்சி ஆட்டங்களில் 0.125 சராசரியோடு தடுமாறினார். அடிக்குமுன் முன்காலை உயரத் தூக்கி வைப்பது ஜப்பானில் அவர் பழக்கம். பருவம் தொடங்கும் தறுவாயில் அதை விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் எழுப்பிக் கால்விரலை ஊன்றியபடியே அடிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டே மாணவர் சொன்ன 22 ஹோம் ரன்னை அடித்தார். அந்த மாற்றத்தை எந்தப் பழைய எண்ணும் முன்னறிவித்திருக்க முடியாது.

கீழக்கரை மாணவன்:

மூவருக்கும் நன்றி. கூறுகளைப் பிரித்து, லீக் சராசரியால் வகுத்துப் பார்க்கிறேன். ஆனால் நல்ல எண்ணிக்கையில் ஆடிய பேட்டர்கள் மிகச் சிலரே இருக்கும்போது நான்கு கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் தரவு மெலிந்துவிடாதா? 2026 பருவத்துக்காக சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் சேர்ந்த முராகாமியைச் சோதனைக்கு வைக்கலாமா?

மண்டபம் கணக்கர்:

மெலியும், தம்பி. அதனால்தான் ஒவ்வொருவரின் எண்ணையும் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து வைக்க வேண்டும். குறைந்த ஆட்டம் ஆடியவரைக் கூடுதலாக இழுக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கொண்டு அவரைக் கணித்து, எல்லோருக்கும் இப்படிச் செய்து, வரும் பிழைகளின் மொத்தத்தைக் கணக்கிடுங்கள். தொண்டிக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. முதல் மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகையையும் ஓர் இலக்காக வைத்துப் பாருங்கள். ஆனால் மூன்று ஆண்டு நிலைத்தவர்களை மட்டும் அதில் சேர்த்தால் அகியாமாவைப் போன்றவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

முராகாமி நல்ல தேர்வு. 2022-இல் 56 ஹோம் ரன் அடித்தவர், ஆனால் 2023-லும் 2024-லும் 160-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர். அவருக்கு ஒற்றை எண்ணாகக் கணிப்பை எழுதாதீர்கள். ஹோம் ரனுக்கு ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் எழுதி, ஸ்ட்ரைக் அவுட் விகிதத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். அவர் விஷயத்தில் எல்லைகள் விரிந்துதான் வரும், தேர்வாளர் கேட்டாலும் அதைச் சுருக்க வேண்டாம்.