ஒய் = எக்ஸ் + 2 கோட்டுல முக்கோணத்தை ரிஃப்ளெக்ட் பண்ணா தள்ளி விழுது, எங்க தப்பு?

கேள்வி

வணக்கம், வீட்லயே பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்குறேன். நேத்து பிரதிபலிப்பு நடத்தும்போது ஒரு பொண்ணு "மிஸ், எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, ஒய் = எக்ஸ் எல்லாம் பாத்தாச்சு, அந்தக் கண்ணாடியை கொஞ்சம் மேல தூக்கி வச்சா?"னு கேட்டா. ஆசையா இருந்துச்சு, உடனே போர்டுல போட்டேன். முனைகள் அ(1, 2), ஆ(4, 2), இ(4, 4). கோடு ஒய் = எக்ஸ் + 2. ஒய் = எக்ஸ்னா ரெண்டு எண்ணையும் இடம் மாத்துவோம்ல, கோடு 2 மேல இருக்கேன்னு மாத்திட்டு ஒய்ல 2 கூட்டினேன், (2, 3), (2, 6), (4, 6) வந்துச்சு. ராத்திரி ஜியோஜீப்ரானு கணக்குப் படம் வரையுற சாஃப்ட்வேர்ல போட்டா அது (0, 3), (0, 6), (2, 6)னு காட்டுது. சைஸ் சரி, திரும்பியிருக்கிற விதமும் சரி, ஆனா என்னோடது 2 கட்டம் வலது பக்கம் தள்ளி நிக்குது. நாளைக்கு வகுப்புல திருத்தணும், காரணம் புரியாம திருத்த மனசு வரல.

பதில் 1

மிஸ், இடம் மாத்துற விதி ஆதிப்புள்ளி வழியா போற ஒய் = எக்ஸ் கோட்டுக்கு மட்டும்தான். அதனால முதல்ல கோட்டையும் முக்கோணத்தையும் சேர்த்து 2 கீழ இறக்கணும், அப்புறம் எண்களை மாத்தணும், அப்புறம் 2 மேல ஏத்தணும். நீங்க ஏத்தினீங்க, இறக்கவே இல்ல. அ-வை எடுங்க: இறக்கினா (1, 0), மாத்தினா (0, 1), ஏத்தினா (0, 3). மொத்தத்துல (எக்ஸ், ஒய்) போய் (ஒய் − 2, எக்ஸ் + 2) ஆகுது. சரிபாக்க, (1, 2)க்கும் (0, 3)க்கும் நடுப்புள்ளி (0.5, 2.5), அது கோட்டு மேலயே இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற கோட்டோட சாய்வு −1, கண்ணாடியோட சாய்வு 1, பெருக்கினா −1, அதாவது செங்குத்து. இந்த ரெண்டும் சரியா இருந்தா பிரதிபலிப்பு சரி.

பதில் 2

மேல சொன்னது சரி. ஆனா மிஸ், உங்க தப்பான விடையை அழிச்சிடாதீங்க, அதுல நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு. மூல முக்கோணம் முழுக்க கோட்டுக்குக் கீழ இருக்கு, அப்ப பிம்பம் முழுக்க மேல இருக்கணும். உங்களோடதுல (2, 3) கீழ, (2, 6) மேல, (4, 6) சரியா கோட்டுலயே. இன்னொரு சோதனை, பிரதிபலிப்பை ரெண்டு தடவை செஞ்சா புறப்பட்ட இடத்துக்கே வரணும். உங்க விதியை ரெண்டு தடவை போடுங்க, (1, 2) → (2, 3) → (3, 4). திரும்பி வரல, (2, 2) நகர்ந்துடுச்சு. நீங்க செஞ்சது கிளைடு ரிஃப்ளெக்‌ஷன், அதாவது ஒய் = எக்ஸ் + 1ல பிரதிபலிச்சு, அதே கோட்டுப் போக்குல (1, 1) சறுக்கினது. ஈர மணல்ல நடந்தா இடது காலும் வலது காலும் மாறி மாறி பதியுதே, அதே வடிவம்தான். தளத்துல நீளம் மாறாத நகர்வு நாலே வகை, இடப்பெயர்ச்சி, சுழற்சி, பிரதிபலிப்பு, இது. தெரியாமலே நாலாவதுக்கு வந்துட்டீங்க.

கேட்டவர்

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இன்னிக்கு கிராஃப் தாள்ல அந்தக் கோட்டுல மடிச்சு, அ மேல ஊசியால குத்தி விரிச்சுப் பாத்தோம், ஓட்டை (0, 3)லயே இருந்துச்சு, பிள்ளைங்க எல்லாரும் குத்த ஆரம்பிச்சுட்டாங்க. அதே பொண்ணு இப்ப ஒய் = 2எக்ஸ் கேக்குறா. இடம் மாத்தி ஒய்யை 2ஆல பெருக்கினா (5, 0) போய் (0, 10) ஆகுது, இது சரியில்லன்னு எனக்கே தெரியுது.

பதில் 1

ஆமா மிஸ், ஆதிப்புள்ளி கண்ணாடி மேலயே இருக்கு, அதுலேர்ந்து தூரம் 5 இருந்தது 10 ஆக முடியாது. எந்தக் கோட்டுக்கும் ஒரே வழிதான், புள்ளியிலேர்ந்து கோட்டுக்கு செங்குத்து இறக்குங்க, அது தொடுற இடத்தைத் தாண்டி அதே தூரம் போங்க. (5, 0)லேர்ந்து ஒய் = 2எக்ஸ்க்கு செங்குத்து (1, 2)ல தொடும். அந்தப் பக்கம் அதே அளவு போனா (−3, 4). ஆதிப்புள்ளியிலேர்ந்து தூரம் இப்பவும் 5, நம்ம 3-4-5 செங்கோண முக்கோணம்தான்.

பதில் 2

அந்தப் பொண்ணு அடுத்து ரெண்டு கண்ணாடி கேப்பா, தயாரா இருங்க மிஸ். முதல்ல எக்ஸ் அச்சு, அப்புறம் ஒய் = எக்ஸ்னா (3, 1) போய் (−1, 3) ஆகும், கடிகார எதிர்த்திசையில 90° சுழற்சி. வரிசையை மாத்தினா (1, −3), கடிகார திசையில 90°. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 45°, சுழற்சி அதோட ரெண்டு மடங்கு.