தம்பியின் திடீர்க் கோபம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. குழம்பில் உப்பு குறைந்தாலும் யாராவது குறுக்கே பேசினாலும் சட்டென்று கத்துவான், கதவை ஓங்கி அறைவான், போன மாதம் செல்போனைச் சுவரில் எறிந்து உடைத்தான், அப்புறம் அரை மணி நேரத்தில் அடங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுவான். மனநல மருத்துவர் இது உந்துதலை அடக்க முடியாத கோளாறில் ஒரு வகை (Intermittent Explosive Disorder) என்கிறார். மூன்று மாதமாகச் சராசரியாக வாரம் இரண்டு முறை வசவோ தள்ளுமுள்ளோ இருந்தால், அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை பொருளை உடைத்தோ ஆளைக் காயப்படுத்தியோ இருந்தால் இதைச் சந்தேகிப்பார்களாம். திட்டம் போட்டு அடிப்பது இதில் சேராது. இவனுக்கு யோசிக்கும் முன்பே கை ஓங்கிவிடுகிறது. சொந்தக்காரர்கள் திமிர் என்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

ஃபுளுவாக்ஸிடின் என்ற மனநல மாத்திரையும், சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பயிற்சியும் தொடங்கியிருக்கிறோம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-லும் பேசினேன்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், கோபம் ஏறும் அந்த நிமிடத்தில் விலகிப் போவீர்களா, பேசிப் பார்ப்பீர்களா? அப்பா பதிலுக்குக் கத்துகிறார், அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மதுரைப் பக்கம் சிபிடி நன்றாகச் செய்பவர்கள் தெரிந்தால் தயவுசெய்து தனிச்செய்தியில் சொல்லுங்கள்.