ஐப்பசி மழையில் அழுகும் யூபோர்பியா: கருக்கிய உமி கலக்கலாமா?

மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கம், மொட்டைமாடியில் 12 தொட்டி யூபோர்பியா மிலி, பெரிய பூ வரும் தாய்லாந்து ரகம். மடகாஸ்கர் செடி, நம்ம திருகுகள்ளிக்குச் சொந்தம்.

அடைமழைக்குப் பிறகு நான்கில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. அது பரவாயில்லை, வெயில் வந்தால் துளிர்க்கும். ஆனால் இரண்டில் மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, அமுக்கினால் கொழகொழவென்று இருக்கிறது.

தொட்டி 8 அங்குலம், அடியில் ஒரே துளை. கலவை: வயல் வண்டல் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாணம் 1. தப்பு வண்டலில்தான், நனைந்தால் இறுகி வேருக்குக் காற்றே போகாது.

அழுகிய இரண்டையும், வெட்டுவாயில் கறுப்புக் கோடு மறையும் வரை மேலே மேலே நறுக்கி, 4 அங்குலக் குச்சிகளாக்கி, பால் நிற்கத் தண்ணீரில் முக்கி, நிழலில் காயவைத்தாயிற்று. (கையுறை கட்டாயம். பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.)

புதுக் கலவைக்கு உடைத்த செங்கல் 2, கருக்கிய உமி 1, மண்புழு உரம் அரை பங்கு என்று யோசனை. ரைஸ்மில்லில் கிடைப்பது பெரும்பாலும் வெளுத்த சாம்பல். காரம் அதிகம், துளையையும் அடைக்கும். கறுப்பாக, உமி உருவம் கெடாமல் கருக்குவது எப்படி? யாராவது வீட்டில் செய்கிறீர்களா?

இன்னொன்று: குச்சியை இந்த ஈரக்காற்றிலேயே ஊன்றலாமா, தை பிறக்கட்டும் என்று விடலாமா? அவ்வளவு நாள் காய்ந்தால் தாங்குமா?