அப்போனோஜெட்டான் கிழங்கில் இலையெல்லாம் கரைகிறது, எறிந்துவிடலாமா?

அல்சூர்_மீன்தொட்டி:
வணக்கம். மீன்தொட்டியில் வளர்க்கிற நீர்ச்செடி இது, கடையில் அப்போனோஜெட்டான் கிரிஸ்பஸ் என்று சொல்லிக் கொடுத்த கிழங்கு. ஓரம் நெளிந்த நீள இலைகள் தண்ணீர் மட்டம் வரை வந்து பூங்கதிர்கூட விட்டது. இப்போது புது இலையே வரவில்லை, பழையது ஒவ்வொன்றாக மஞ்சளாகி, நரம்பு மட்டும் தெரிகிற மாதிரி ஆகிக் கரைந்துபோகிறது. மீன்களுக்கு ஒன்றும் இல்லை. கடைக்காரர் செத்துவிட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார். போர்வெல் தண்ணீர் காரணமாக இருக்குமா?

கேஆர்புரம்_செல்வி:
எறியாதீர்கள்! கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழவென்று அமுங்கி நாற்றம் அடித்தால்தான் போச்சு. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பூக்கிற வரைக்கும் வந்திருக்காது.

இது ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். கிரிஸ்பஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. நம் குளங்களில் இலையை மிதக்கவிடும் கொட்டிக்கு, அதாவது அப்போனோஜெட்டான் நட்டான்ஸுக்கு, நெருங்கிய சொந்தம். கடைகளில் கிரிஸ்பஸ் என்று வருவதே பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்ததுதான். மழையில் குளம் நிறைந்தால் கொட்டி முளைக்கும், பூக்கும், விதை போடும்; கோடையில் தண்ணீர் வற்றி சேறு பாளம் பாளமாக வெடித்தாலும் கிழங்கு உள்ளே கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். குளம் வற்றியதும் பறவைகள் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக்கிடக்கும் என்று ஔவையார் பாட்டில் படித்தோமே, அதே கொட்டி. அந்தப் பழக்கம் உங்கள் தொட்டிக்கு வந்தும் விடவில்லை.

வெளியே எடுத்து, ஈர மணலில் பொதிந்து, இருட்டான இடத்தில் இரண்டு மாதம் வைத்துவிட்டு மறுபடி நடுங்கள்.

ஏரிக்கரை_மணி:
செல்வி அக்கா சொன்ன காரணம் சரி, ஆனால் கலப்பினத்தை வெளியே எடுக்க அவசியம் இல்லை என்பேன். அழுகின இலையை மட்டும் கிள்ளிவிட்டு இருந்த இடத்திலேயே விடுங்கள், பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும். கிழங்கின் தலை மட்டும் மணலுக்கு மேலே தெரியட்டும், முழுசாகப் புதைத்தால் அழுகும்.

மகாராஷ்டிரத்தில் காஸ் பீடபூமிப் பக்கம் போனால் இதே அப்போனோஜெட்டானில் சடாரென்சிஸ் என்ற இனத்தைக் கேட்டுப் பாருங்கள். பாறைமேல் மழைநீர் தேங்குகிற குட்டைகளில் மழைக்காலத்தில் மட்டும் வரும், கதிர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், அந்த மலைப்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நம் பெங்களூர் ஏரிகளும் மழைநீருக்காக வெட்டியவைதான், ஆனால் பலவற்றில் இப்போது வருஷம் முழுக்கச் சாக்கடை நிற்கிறது. வற்றுவதும் இல்லை, தெளிவதும் இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரைக்கு அது கொண்டாட்டம், வெயில் படாத அடித்தண்ணீரில் கொட்டி எப்படி முளைக்கும்? எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அல்சூர்_மீன்தொட்டி:
அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. தொட்டியிலேயே விடுகிறேன். வேருக்கு உர மாத்திரை வைக்கலாமா?

கேஆர்புரம்_செல்வி:
இப்போது வேண்டாம். இலை இல்லாதபோது வைத்தால் பாசிதான் பிடிக்கும். முளை வந்து இரண்டு இலை விரிந்ததும் வையுங்கள்.